நீளமான 6

என் கடைப் போர்டில் இருந்த ஒரு வரி, எனக்கே வாசிக்கத் தெரியாமல் மூன்று வருஷம் என் தலைக்கு மேல் தொங்கியது. தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் எங்கள் ஜெராக்ஸ் கடை. போர்டில் மராத்தி பெரிதாக, ஆங்கிலம் நடுத்தரமாக, அதற்கும் கீழே தமிழில் சின்னதாக: ‘தமிழ் டைப்பிங் செய்து தரப்படும்.’ என் வீட்டுக்காரர் எழுதி மாட்டியபோது வாய்விட்டுச் சொன்னதால் அது என்ன வரி என்று எனக்குத் தெரியும். எது ‘த’, எது ‘ட’ என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

நான் பிறந்தது இங்கேதான். வீட்டில் பேசியது திருநெல்வேலித் தமிழ், பள்ளியில் படித்தது இந்தி மீடியம். “தமிழுதான் வாயில இருக்கே, அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்” என்பது அப்பாவின் வாதம். வாயில் இருப்பது கண்ணுக்கும் கைக்கும் தானாக வந்துவிடும் என்று அவர் நினைத்தார் போலிருக்கிறது. வரவில்லை. தெற்கே வளர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த ஒருவரைக் கட்டிக்கொண்டபோது, வீட்டுக்கு ஒரு ஆள் படித்தால் போதாதா என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த ஒரு ஆள் கடையை என்னிடம் விட்டுவிட்டு சவுதிக்குப் போனார். ரியாத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. காதுகுத்து அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ் என்று ஏதாவது தமிழ் வேலை வந்தால் நான் போட்டோ எடுத்து அனுப்புவேன், அவர் அங்கிருந்து டைப் பண்ணி அனுப்புவார். ஆனால் அவருக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தது. இங்கே ஆள் காத்திருப்பார், அங்கே அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரு நாள் சலித்துப்போய், “பேசாம அந்த வரிய அழிச்சிரு. தெரியாத வேலைக்கு போர்டு எதுக்கு?” என்றார்.

தெரியாத வேலை. எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது நிஜம், அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. “பெயிண்டர் வரட்டும்” என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு அவர் எப்போது கேட்டாலும் பெயிண்டர் வரவில்லை. பாவம், அந்தப் பெயிண்டருக்கு நான் ஒரு தடவைகூட போன் பண்ணியதில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டுங்காவிலிருந்து ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் ஆபீஸ் அடையாள அட்டை, கையில் நாலாக மடித்த ஃபுல்ஸ்கேப் தாள்.

“மாட்டுங்காவுல ஒரு கடைலயும் தமிழ் அடிக்க ஆளில்லை, மேடம். இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். உங்க போர்டுல அந்த ஒரு வரியைப் பார்த்துட்டுத்தான் உள்ள வந்தேன்” என்றார்.

அந்த ஒரு வரியை! நான் அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். “உக்காருங்க சார்” என்றுதான் வாயில் வந்தது.

செம்பூரில் அவரும் நாலைந்து நண்பர்களும் சேர்ந்து ஒரு சின்னத் தமிழ் வாசகசாலை திறக்கிறார்கள். ஞாயிறு காலையில் திறப்பு. உள்ளே சுவரில் மாட்ட ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸ். என்ன விஷயம் என்று கேட்டேன். “ஓரோ நாட்டுக்கும் நீளமான ஆறு எதுன்னு ஒரு பட்டியல்” என்றார். வாசகசாலைக்கு ஆறு எதற்கு என்று கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவருக்கு அது ஒரு கிறுக்காம். தினமும் லோக்கலில் நின்றுகொண்டே போனில் ஆறுகளைப் பற்றி வாசிப்பாராம்.

தாளை என்னிடம் நீட்டினார். முழுக்க முழுக்கக் கையெழுத்துத் தமிழ். நாற்பது வரி இருக்கும். நான் அதை ரொம்பக் கவனமாகப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். பிறகு எனக்கே ஆச்சரியமான ஒரு சாமர்த்தியம் வந்தது.

“கையெழுத்தப் பாத்து அடிச்சா நேரமாகும் சார். நீங்க வாசிங்க, போனே டைப் பண்ணிரும். இப்பல்லாம் அப்பிடித்தான்.”

“அப்படியா! நன்னாருக்கே” என்று அவர் என் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் ஆரம்பித்தார். எகிப்தின் நீளமான ஆறு நைல். சீனாவின் நீளமான ஆறு யாங்சே. இலங்கையின் நீளமான ஆறு மகாவலி. மியான்மரின் நீளமான ஆறு ஐராவதி.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி வந்தது. அமெரிக்காவுக்கு மிசௌரி என்றார். மிசிசிப்பி என்றுதானே எங்கள் டீச்சர் சொன்னார் என்று கேட்டேன். “அங்கதான் விஷயமே” என்று போனைக் கீழே வைத்துவிட்டார். இரண்டில் நீளமானது மிசௌரிதான். ஆனால் அது போய் மிசிசிப்பியில் சேர்ந்த பிறகு, அதற்கப்புறம் கடல் வரை மிசிசிப்பி என்றே பெயர்.

“கல்யாணம் பண்ணிக் குடுத்தாச்சு போல” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரிட்டனுக்குத் தேம்ஸ் இல்லையாம், செவர்ன் என்று ஒன்றாம். பேர் வாங்கியது ஒன்று, நீளமானது ஒன்று. இது எல்லா நாட்டிலும் உண்டு போல என்று நினைத்துக்கொண்டேன்.

“இத்தாலியின் நீளமான ஆறு, போ” என்றார் அவர்.

எனக்குப் பக்கத்தில் ஆதார் கார்டோடு நின்றுகொண்டிருந்த பெரியவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “யாரப் போங்குதீரு? நான் உமக்கு முன்னாடி வந்தவம்லா?” என்று கேட்டார். அது ஆற்றின் பெயர் என்று விளக்கி, அவரை உட்கார வைத்து, அவருடைய கார்டை முதலில் எடுத்துக் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. போகும்போது, “ஆத்துக்கு வச்சிருக்கான் பாரு பேரு” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பிறகு சவுதி அரேபியா வந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். “சவுதி அரேபியா: ஆறு இல்லை” என்று வாசித்தார்.

“இல்லையா? ஒண்ணுகூடவா?”

“வருஷம் முழுக்க ஓடற ஆறு ஒண்ணுகூட இல்லை. மழை பெய்தா ஓடும், நின்னா காஞ்சுடும்.”

அவ்வளவு பெரிய நாட்டில் ஒரு ஆறுகூட இல்லை என்பது எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் என் வீட்டுக்காரர் அங்கே பாதியைத் தாண்டியிருந்தார். ஒரு நாள்கூட இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, பணம் வந்ததா என்று கேட்டிருக்கிறேனே தவிர, அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்டதே இல்லை. அன்றைக்கு அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

கடைசி வரிக்கு வந்தபோது அவருக்கு ஆபீஸிலிருந்து போன். “கடைசில நம்ம ஊரோட நீளமான ஆறுன்னு போட்டு முடிச்சுடுங்கோ, உங்களுக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் என் போனை எடுத்து, தெளிவாக, “நம்ம ஊரின் நீளமான ஆறு தாமிரபரணி” என்று சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை.

மறுநாள் டிசைன் பண்ணினேன். நீலப் பின்னணி, கீழே அலை. போன் டைப் பண்ணியதை அப்படியே எடுத்து ஒட்டினேன். எல்லா வரியிலும் நட்ட நடுவே ஒரு 6 இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். ஏதோ அளவு போல, தர வரிசை போல என்று நினைத்தேன். எல்லாவற்றிலும் ஒரே 6 எப்படி வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அதை விட்டுவிட்டு, பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கட்டும் என்று எல்லா 6-ஐயும் பெரிதாக்கி, சிவப்பாக்கி, ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தினேன். அதற்கே அரை நாள் ஆயிற்று.

மாட்டுங்காக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கட்டை விரல் வந்தது. ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். மேஜையில் விரித்தேன். அவர் மேலிருந்து கீழே பார்த்தார், மறுபடி கீழிருந்து மேலே.

“இதென்ன ஆறு?”

“ஆறுதான் சார்.”

“ஆறுதான். ஆனா ஆறு எங்க?”

“இதோ இருக்கே, சிவப்புல. எல்லா வரியிலும் போட்டிருக்கேன்லா.”

“மேடம், இது எண் ஆறு. நான் சொன்னது தண்ணி ஆறு!”

எகிப்தின் நீளமான 6 நைல். சீனாவின் நீளமான 6 யாங்சே. அவர் சத்தமாக வாசிக்க வாசிக்க எனக்குக் காதெல்லாம் சூடானது. சவுதி அரேபியா: 6 இல்லை. போன் தான் கேட்டதைத்தான் எழுதியிருந்தது. எழுதினதைப் பார்க்க வேண்டிய ஆள் நான்.

“அடிக்கறதுக்கு முன்னாடி நீங்க வாசிக்கவே இல்லையா?” என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு நாலைந்து வழி இருந்தது. பிரஸ்காரன் மேல் போடலாம், கம்ப்யூட்டர் மேல் போடலாம். “நீங்களும்தான் கட்ட விரலக் காட்டுனீங்க” என்று பாயலாம். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

“எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது சார்.”

அவர் நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தார். அங்கிருந்து போர்டு தெரியாது. ஆனாலும் பார்த்தார்.

“பின்ன எதுக்கு எழுதி வச்சிருக்கேள்? அதைப் பார்த்துட்டுத்தானே நான் வந்தேன்” என்றார். குரல் உயரவில்லை. அதற்குப் பதில் அவர் கத்தியிருக்கலாம். இதைத்தானே என் வீட்டுக்காரரும் சொன்னார். அழுகை வருவதுபோல் இருந்தது, வரவிடவில்லை. “நாலு மணிக்குள்ள புதுசா அடிச்சுத் தாரேன் சார். பக்கத்துலயே உக்காந்து நீங்களே பாருங்க” என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார். வேறு வழியும் அவருக்கு இல்லை.

ஆறு என்ற வார்த்தையை அவர் ஒரு தடவை டைப் பண்ணிக் கொடுத்தார். நான் ஒவ்வொரு 6-ஐயும் அழித்து அதை ஒட்டிக்கொண்டே வந்தேன். நாற்பது தடவை. இருபதாவது தடவை வரும்போது அந்த இரண்டு எழுத்தும் எனக்கு மனப்பாடம். ஆ என்பது கீழே ஒரு சுழி போட்டு முடிவது. று என்பது வளைந்து கீழே இறங்குவது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அவர் கடைசி வரியில் விரல் வைத்தார்.

“தாமிரபரணியா?”

“நம்ம ஊருன்னு சொன்னீங்களே.”

“மேடம், வாசகசாலை செம்பூர்ல இருக்கு. நம்ம ஊர்னா பம்பாய் இல்லையோ?”

இந்த இடத்தில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. 6 என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இது என் தப்பில்லை. “மே மாசம் லீவு விட்டா நீங்க எங்க போவீங்க சார்?” என்று கேட்டேன்.

“ஊருக்கு.”

“எந்த ஊருக்கு?”

“பாலக்…” என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். பிறகு சிரித்தார். அன்று காலையிலிருந்து முதல் சிரிப்பு. அவருடைய அப்பாவே பிறந்தது மாட்டுங்காவில்தானாம். ஆனாலும் ஊர் என்றால் பாலக்காடு. நான் தாமிரபரணியை மொத்தம் மூன்று தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவை ரயில் ஜன்னலிலிருந்து. ஆனாலும் ஊர் என்றால் அது. இந்த நகரத்துக்கு நாங்கள் ஊர் என்ற பெயரையே கொடுத்ததில்லை. உலகம் பூரா உள்ள ஆறுகளை எழுதி வந்த மனுஷரும், அதை ஒட்டிக்கொண்டிருந்த நானும் இதுவரை இதைக் கவனிக்கவே இல்லை.

“சரி, அப்ப இந்த ஊருக்கு எது நீளம்?” என்று கேட்டேன்.

அவர் போனில் தேடினார். தஹிசர் ஆறு, பொயிசர் ஆறு, ஓஷிவாரா ஆறு என்று வாசித்தார். தஹிசர் ஸ்டேஷன் பேரில்லையா என்றேன். அதே பேரில் ஆறும் இருக்கிறதாம். எல்லாவற்றிலும் நீளமானது மித்தி என்றார்.

“மித்தியா? எங்க இருக்கு?”

“தாராவியை ஒட்டித்தான் போறது மேடம்.”

எதைச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. என் வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் வரும், கறுப்பாக, மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டியதாக, அக்கரையில் கண்ணாடிக் கட்டடங்களோடு இருக்கும் அதையா சொல்கிறார்? “அது நாலால்லா சார்” என்றேன். பிறந்ததிலிருந்து அது எங்களுக்கு நாலாதான். சாக்கடைக்கு இங்கே எல்லோரும் சொல்வது அதுதான். அதற்கு வேறு பெயர் உண்டு என்றுகூட யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

“அப்ப போட வேண்டாமா?” என்று கேட்டார். நிஜமாகவே என்னைக் கேட்டார்.

எனக்கு அப்போது ஒரு நாள் ஞாபகம் வந்தது. எனக்கு இருபது வயதுகூட ஆகாதபோது பெய்த அந்தப் பெருமழை. மதியத்தில் சந்துக்குள் தண்ணீர் நுழைந்தது. முழங்கால், இடுப்பு என்று ஏறியது. அம்மா வாசலிலிருந்து கத்தினாள்: “ஏட்டி, ஆத்துத் தண்ணி வந்துட்டு, மேல ஏறு!” நாலாத் தண்ணி என்று சொல்லவில்லை. அன்று சந்து முழுக்க ஆறு ஆறு என்றே சத்தம் கேட்டது. தண்ணீர் வடிந்த மறுநாள் அது மறுபடியும் நாலா ஆகிவிட்டது.

அவரிடம் இதைச் சொன்னேன். “அப்ப அது ஆறுதான் சார். எங்கம்மா சொல்லிருக்கா. போடுங்க.”

அவர் தாளில் ‘மித்தி’ என்று எழுதி, வாசித்தும் காட்டினார். அவர் போனில் அதே பெயர் இந்தி எழுத்தில் இருந்ததை நான் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழில் ஒரு திருத்தம் சொன்னேன். “அது ‘த’ இல்ல சார், ‘ட’. மீட்டி. இந்தியில இனிப்புன்னு அர்த்தம். நான் இந்தி மீடியம், இதுல என்னை ஏமாத்த முடியாது.”

“இனிப்பா! அந்தத் தண்ணியா?” என்று கேட்டு, “மீட்டின்னா வீணை மீட்டின மாதிரின்னா இருக்கு” என்று தலையை ஆட்டிக்கொண்டே அடித்து மாற்றி எழுதினார். ‘மும்பையின் நீளமான ஆறு மீட்டி.’ அந்த வரியை மட்டும் நான் போனிடம் கொடுக்கவில்லை. கீபோர்டில் எழுத்து எழுத்தாக நானே தேடித் தேடி அடித்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. அவர் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார். நாலு மணிக்கு ஃப்ளெக்ஸைச் சுருட்டிக் கொண்டுபோனார். ஞாயிறு மத்தியானம் அது செம்பூர் சுவரில் தொங்கும் போட்டோ வந்தது. இந்தத் தடவை கட்டை விரல் நான் அனுப்பினேன்.

பழைய ஃப்ளெக்ஸ் என்னிடமே தங்கிவிட்டது. அச்சில் பிழையானவை எங்கள் பக்கம் கூரைக்குத்தான் போகும். நான் அதைக் கடைக்குள் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்சுவரில் மாட்டினேன். நாட்டின் பெயரும் ஆற்றின் பெயரும் காதில் கேட்டவை என்பதால் எழுத்தைச் சத்தத்தோடு பொருத்திப் பார்ப்பது விளையாட்டு மாதிரி ஆயிற்று. ஒவ்வொரு எழுத்துக்கு மேலும் பென்சிலால் இந்தி எழுத்தைக் குறித்தேன். இந்தியில் ‘க’ நாலு, தமிழில் ஒன்றே ஒன்று. அதனால் ‘கானா’வை நான் இந்தியில் வருவதுபோல் சாப்பாடு என்று வாசித்து, சாப்பாட்டில் ஏது ஆறு என்று இரண்டு நாள் குழம்பினேன். சாப்பாடு இல்லாவிட்டால் பாட்டாக இருக்குமோ என்று மூன்றாம் நாள் குழம்பினேன். அது ஆப்பிரிக்காவில் ஒரு நாடு, ஆறு வோல்ட்டா. வோல்ட்டா, வோல்கா, விஸ்துலா என்று ‘வ’வில் தொடங்குவதை எல்லாம் தெரிந்துகொண்ட நாளில் வேறு வேலையே ஓடவில்லை. ஆட்கள் காத்திருக்க, நான் போலந்தில் இருந்தேன்.

ஆனால் ஒரு வரியை முழுதாக முதலில் வாசித்தது சவுதிதான். அதை வேண்டுமென்றே தேடி வாசித்தேன். தினமும் கடை திறந்ததும் கண் அங்கேதான் போகும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் மறுபடி குரல் செய்தி அனுப்பினார்: “பெயிண்டர் வந்தானா? வரிய அழிச்சியா?” நாங்கள் எப்போதும் குரலில்தான் பேசிக்கொள்வோம். எனக்கு வேறு வழி கிடையாது என்பதால் அவருக்கும் அதுவே பழக்கம். நான் கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்து, போனில் தமிழ் கீபோர்டைத் திறந்தேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். ‘பெயிண்டரக் கூப்பிடவே இல்ல. வரி இருக்கும். அழிக்க மாட்டேன். அங்க ஆறே இல்லையாமே, ஏன் சொல்லல?’

இரண்டு நீல டிக் வந்தது. பிறகு எழுத்தில் வந்தது: ‘யாரு டைப் பண்ணிக் குடுத்தா?’

‘நான்’ என்று அனுப்பினேன். அதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

டைப் பண்ணுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில், ‘வரி இருக்கட்டும். இன்னும் 6 மாசம். வந்து பாக்கேன்’ என்று வந்தது.

அந்த 6-ஐ நான் வாய்விட்டு ஆறு என்று வாசித்தேன்.